ஒரு வாய் இறங்கும் வழி

ரகு கண்ணா,

இதை நேரிலேயே சொல்லியிருக்கலாம். நீ கிளம்புவதற்கு முன்பு நாலைந்து தடவை சொல்ல வாயெடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அழுகை முந்திக்கொண்டது. அழுதால் எனக்கு இன்னும் எச்சில் வழி தவறிப் போகிறது. இருமல் பிடித்துக்கொள்கிறது, நீ ஓடி வந்து முதுகைத் தடவுகிறாய், சொல்ல வந்தது அங்கேயே நின்றுவிடுகிறது. போனிலும் அதே கதைதான் ஆகும். எழுதுவதில் அந்தத் தொந்தரவு இல்லை. அழுகை வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அடங்கிய பிறகு எடுத்துக்கொள்ளலாம். இது உன் கைக்கு வரும்போது பெங்களூரில் உன் எதிரே சாப்பாட்டுத் தட்டு இருந்தால், முதலில் அதை முடித்துவிட்டு வா. அவசரமான விஷயம் எதுவும் இதில் இல்லை.

நான் எத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்தினேன் என்று உனக்குத் தெரியும். செரிமானப் பாடம் வந்தால் எனக்கு உற்சாகம் தாங்காது. கரும்பலகையில் ஒரு பக்கவாட்டு முகம் வரைவேன். கழுத்தில் இரண்டு குழாய்கள், முன்னால் மூச்சுக்கு, பின்னால் உணவுக்கு. மூச்சுக்குழாயின் வாயில் இலை மாதிரி ஒரு மூடி. அதற்கு எங்கள் பள்ளியின் மலையாளப் பாடப்புத்தகத்தில் 'கிளோமபிதானம்' என்று பெயர். அந்தப் பெயரைச் சொன்னதுமே வகுப்பு முழுக்கச் சிரிக்கும். "விழுங்கும்போது இந்த மூடி மூடிக்கொள்ளும், உணவு பின்குழாயில் இறங்கும்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு இரைப்பைக்குப் போய்விடுவேன். அங்கே அமிலம், நொதி, சிறுகுடல் என்று மணி அடிக்கும்வரை சொல்ல நிறைய இருந்தது. தொண்டை எனக்குச் சாக்பீஸ் கடந்து போகிற இடம், அவ்வளவுதான்.

உனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். நீ சின்ன வயதில் ஒரு புளியங்கொட்டையை விழுங்கிவிட்டு, வயிற்றில் மரம் முளைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அழுதாயே, ஞாபகம் இருக்கிறதா? கரமனை வீட்டுச் சமையலறைத் தரையில் கோலமாவால் ஒரு பெரிய வயிறும் குடலும் வரைந்தேன். உன்னையே புளியங்கொட்டையாக நடக்கச் சொன்னேன். அடுப்படியில் வாய், நடுவில் இரைப்பை, அங்கிருந்து குடல் சுற்றிச் சுற்றிப் போய்க் கொல்லைக் கதவில் முடிந்தது. கதவுக்கு வெளியே வந்ததும் உனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கைகொட்டிச் சிரித்தாய். திரும்பத் திரும்ப நடந்து என் கோலத்தை முழுக்கக் கலைத்தாய். அப்போதும் வாயிலிருந்து இரைப்பைக்கு ஒரே ஒரு நேர்கோடுதான் போட்டிருந்தேன். நீ அதை ஒரே தாவலில் தாண்டினாய்.

அந்த நேர்கோடு எத்தனை பெரிய வேலை என்று எனக்குத் தெரியவந்த காலையைப் பற்றி உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நீ அப்போது இங்கே இல்லை. நான் சாம்பாருக்கு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். தரை திடீரென்று இடது பக்கமாகச் சரிந்த மாதிரி இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். விக்கல் ஆரம்பித்து நிற்காமல் வந்தது. அப்பாவைக் கூப்பிட்டால் வேறு யாருடைய குரலோ வந்தது, கரகரவென்று.

"வாயுவாக்கும். காலம்பற வெறும் வயத்தோட நின்னா இப்படித்தான்," என்று அப்பா இஞ்சியைத் தட்டிச் சாறு கொண்டுவந்தார். ஒரு வாய் குடித்தேன். உள்ளே போகாமல் மூக்கு வழியாகத் திரும்பி வந்தது.

அப்பா சிரித்துவிட்டார். "குழந்தையாட்டம் என்ன அவசரம்? மெதுவாக் குடி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாம் விழுங்கும்போது மேல் அண்ணத்தின் மெத்தென்ற பின்பகுதி எழும்பி மூக்குக்குப் போகிற வழியை அடைக்க வேண்டும். குடித்தது மூக்கில் வருகிறதென்றால் அது எழும்பவில்லை. எழும்பவில்லை என்றால் அதை எழுப்புகிற நரம்பு பேசவில்லை. "வாயு இல்லை. மண்டைக்குள்ள எதோ ஆயிருக்கு. ஆட்டோ கூப்பிடுங்கோ," என்றேன். அப்பா கேள்வி கேட்காமல் வேட்டியை மாற்றிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். பாடப்புத்தகத்துக்கும், கேள்வி கேட்காத அந்த மனுஷருக்கும் நான் அன்று பட்ட நன்றிக்கடன் இன்னும் தீரவில்லை. நீயும் கேட்டுக்கொள். திடீரென்று குரல் மாறினால், நடை தள்ளாடினால், குடித்தது இறங்காவிட்டால், கஷாயம் தேடாதே. நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. இரத்த அழுத்தம் என்றால் என்னவென்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த நான், என்னுடையது எவ்வளவு என்று பார்த்துக்கொண்டதே இல்லை. நீ பார்த்துக்கொள்.

ஸ்கேன் படத்தை டாக்டர் காட்டினார். மூளை முடிந்து தண்டுவடம் தொடங்குகிற இடத்தில், முகுளத்தில், ஒரு பயறு அளவு இடத்துக்கு இரத்தம் போகாமல் நின்றிருந்தது. மூச்சையும் இதயத்துடிப்பையும் ஆள்கிற இடமும் அங்கேதான் இருக்கிறது. அவற்றைத் தொடாமல் விழுங்குகிற வேலையை மட்டும் அது எடுத்துக்கொண்டு போயிருந்தது. கூடவே வலது கையில் சூடு தெரியாமல் போயிற்று. கொதிக்கிற பாத்திரத்தைத் தொட்டால் தொட்டது தெரியும், சுடுவது தெரியாது. மறுநாள் நீ வந்து சேர்ந்தபோது என் மூக்கில் குழாய் இருந்தது. நீ வாசலில் நின்று பார்த்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று வெளியே போனாய். திரும்பி வந்தபோது உன் கண்கள் சிவந்திருந்தன.

அதற்கப்புறம் நீ பெங்களூருக்குத் திரும்பவே இல்லை. உள்ளறையில் மேஜையைப் போட்டு அங்கிருந்தே ஆபீஸ் வேலை பார்த்தாய். வேளாவேளைக்கு வந்து என் தலையணையை நிமிர்த்தி, வடிகட்டிய கஞ்சியைக் குழாயில் மெதுவாக விட்டாய். எனக்குக் கஞ்சியைவிடக் கஷ்டமாக இருந்தது எச்சில். நாம் பேசும்போதும் படிக்கும்போதும் தூங்கும்போதும்கூட, நம்மை அறியாமல் அதை விழுங்கிக்கொண்டே இருக்கிறோம். அது நின்றுபோனால்தான் எவ்வளவு சுரக்கிறது என்று தெரிகிறது. ஒரு டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு துப்பிக்கொண்டே இருந்தேன். வகுப்பில் யாராவது துப்பினால் வெளியே நிறுத்துகிற டீச்சர் நான். நீ அந்த டம்ளரை எடுத்துப்போய்க் கழுவி, துடைத்து, ஒன்றுமே நடக்காத மாதிரி திரும்ப என் கையில் கொடுப்பாய். ஒரு நாளாவது முகம் சுளித்திருந்தால் நான் உடைந்துபோயிருப்பேன். நீ சுளிக்கவில்லை.

காப்பி விஷயத்துக்கு வருகிறேன். நீ அதை ஒருபோதும் சொல்லிக்காட்டவில்லை. அதனால் நானே சொல்கிறேன். அப்பா குடித்துவிட்டு டவராவில் மிச்சம் வைத்திருந்தார். நீ போனில் இருந்தாய். அந்த வாசனை என்னை என்ன செய்தது என்று உனக்குத் தெரியாது. எடுத்து ஒரு வாய் குடித்தேன். இருமல் வரவில்லை! மூக்கில் வரவில்லை! இறங்கிவிட்டது என்று நினைத்தேன். ஒருவரிடமும் சொல்லாமல், நன்றாகப் பழகிக்கொண்டு உன்னை அசத்தலாம் என்று மறுநாளும் குடித்தேன், அதற்கு மறுநாளும். அப்புறம் குளிர்ஜுரம் வந்தது. மூச்சு இரைத்தது. திரும்பவும் ஆஸ்பத்திரி. நுரையீரலில் நிமோனியா.

அங்கேதான் ஸ்மிதா வந்தாள். விழுங்கக் கற்றுக்கொடுக்கிற தெரபிஸ்ட், நெடுமங்காட்டுப் பெண். நமக்காகத் தமிழும் தனக்காக மலையாளமும் கலந்து பேசுவாள். எக்ஸ்ரே திரைக்கு முன்னால் என்னை உட்காரவைத்து, வெள்ளை மருந்து கலந்த தண்ணீரை ஒரு ஸ்பூன் கொடுத்தாள். நீ கண்ணாடிக்குப் பின்னால் நின்றாய். என் கழுத்தின் உட்புறம் திரையில் தெரிந்தது. நான் அத்தனை வருஷம் வரைந்த அதே படம்தான், ஆனால் அசைகிற படம். வெள்ளைக் கோடு ஒன்று பின்குழாயின் வாயில் முட்டி, அது திறக்காததால் முன்குழாயில் சாவகாசமாக வழிந்து இறங்கியது. எனக்குத் தொண்டையில் ஒன்றுமே தெரியவில்லை.

"கண்டோ டீச்சரே?" என்றாள் ஸ்மிதா. "சும வரலை, அல்லே? சும வந்தா நல்லது. வராததாக்கும் பேடிக்க வேண்டியது."

சும என்றால் இருமல்; அது வராவிட்டால்தான் பயப்பட வேண்டுமாம். மூச்சுக்குழாயின் வாசலில் நிற்கிற காவலாளி அது. எனக்கு அந்தக் காவலாளி தூங்கிவிட்டான். நான் அதை என் வெற்றி என்று நினைத்துக் காப்பியை நுரையீரலுக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். இருமலைச் சனியன் என்று திட்டாதே, ரகு. அது வருகிறதே என்று சந்தோஷப்படு.

வயிற்றில் சின்னதாக ஒரு துளை போட்டு நேரே இரைப்பையில் குழாய் வைத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதும் நான் மாட்டேன் என்றேன். அது வந்தால் இனிமேல் வாயால் சாப்பிடவே மாட்டேன், அத்தோடு கதை முடிந்தது என்று எனக்குத் தோன்றியது. அப்பா என் பக்கம் நின்றார். நீ மட்டும் எதிர்த்தாய். நாம் இரண்டு பேரும் அப்படிச் சண்டை போட்டதே இல்லை.

"எனக்கு வேண்டாம்டா. சாப்பாடுன்னா வாயால சாப்பிடணும். இது வண்டிக்குப் பெட்ரோல் போடறாப்பல."

"வயித்துக்குத் தெரியுமாம்மா எந்த வழியா வந்துதுன்னு? நீதானே சொல்லிக் குடுத்தே, இரைப்பைக்கு வந்ததுக்கு அப்பறம் எல்லாம் ஒண்ணுதான்னு."

"ஒனக்கென்ன, நீ சாப்பிடறே."

சொன்னதும் எனக்கே சுட்டது. நீ கோபித்துக்கொண்டு போகவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாய். "நீ எளைச்சுப் போயிண்டே இருக்கேம்மா. நாக்குக்கும் தொண்டைக்கும் தசைதானே? தசைக்குத் தீனி இல்லாம அது எப்படிப் பழகும்? மொதல்ல ஒடம்பு தேறட்டும். அப்பறம் நீ விழுங்கு. நான் ஓடியா போறேன்?" என்றாய். அது அத்தனையும் உயிரியல். என்னிடமிருந்து நீ வாங்கியதை எனக்கே திருப்பிக் கொடுத்தாய். நான் சரி என்று தலையாட்டினேன். அன்று நீ விட்டுக்கொடுத்திருந்தால், என் மனசு நோகக்கூடாது என்று என் இஷ்டப்படி விட்டிருந்தால், இன்று நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அம்மாவின் பேச்சைக் கேட்காததற்கு ஒரு அம்மா நன்றி சொல்வது விசித்திரம்தான். சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அப்பாவின் குட்டு வெளிப்பட்டது. தினம் மத்தியானம் கோயிலுக்குப் போகிறேன் என்று கிழக்கேகோட்டைக்குப் பஸ் ஏறுவாரே, நடை சாத்துகிற நேரத்தில் என்ன தரிசனம் என்று எனக்கு ஏற்கெனவே சந்தேகம். ஒரு நாள் நெற்றியில் சந்தனமும் சட்டையில் சாம்பாருமாக வந்து நின்றார். நீ அந்தக் கறையைப் பார்த்தாய், நானும் பார்த்தேன். நான் சாப்பிட முடியாத வீட்டில், நான் பார்க்க, அவருக்கு ஒரு கவளம் இறங்கவில்லை. ஹோட்டலில் போய் அவசர அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார்.

"நாளைலேர்ந்து ரெண்டு பேரும் என் முன்னாடி உக்காந்து சாப்பிடணும்," என்றேன்.

"ஒன்னைப் பட்டினி போட்டுட்டு நான் எப்படிடி..." அப்பா சட்டைக் கறையைத் தேய்த்தார்.

"நான் பட்டினி இல்லை. குழாயில போறதும் சாப்பாடுதான், ஒங்க பிள்ளை சொன்னான். எனக்குப் பாக்கணும்னு இருக்கு. எப்படி விழுங்கறதுன்னு மறந்துபோச்சு, பாத்துத்தான் படிக்கணும்."

பாதி கேலிக்குச் சொன்னேன். ஆனால் நிஜமாகவே பார்த்தேன். உங்கள் இரண்டு பேரின் கழுத்தையும் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். நாக்கு கவளத்தை உருட்டிப் பின்னால் தள்ளுகிறது. மூச்சு ஒரு கணம் தானாக நிற்கிறது. தொண்டை முடிச்சு மேலே ஏறி முன்னால் நகர்கிறது. அது நகர்ந்து இழுப்பதால்தான் பின்னால் உணவுக்குழாயின் வாய் திறக்கிறது. உள்ளே குரல் நாண்கள் இறுக்கி மூடிக்கொள்கின்றன, மேலே மூடி கவிழ்கிறது. கவளம் கடந்ததும் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது, மூச்சு திரும்புகிறது. அப்பா இதையெல்லாம் செய்துகொண்டே அரசியல் பேசினார். நீ இதையெல்லாம் செய்துகொண்டே செல்போனைப் பார்த்தாய். பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமை போய் வியப்பு வந்தது. நீ என் வயிற்றில் இருந்தபோதே இதைப் பழகியிருக்கிறாய், தெரியுமா? குழந்தைகள் உள்ளே மிதக்கிற நீரைக் குடித்துக் குடித்துப் பழகித்தான் வெளியே வருகின்றன. யாரும் சொல்லிக்கொடுக்காமல் நீ தெரிந்துகொண்டு வந்ததை, இந்த வயதில் ஒருத்தி சொல்லிக்கொடுத்து நான் படித்தேன்.

ஸ்மிதா வீட்டுக்கே வந்தாள். நாக்கை அண்ணத்தில் அழுத்தச் சொல்வாள், கழுத்தில் விரலை வைத்து முடிச்சை மேலேயே நிறுத்திப் பிடிக்கச் சொல்வாள். ஒரு துளி ஐஸ் தண்ணீரை நாக்கில் வைத்துவிட்டு, "ஒன்னுகூடி, டீச்சரே. பலம் கொடுத்து இறக்கணும்," என்று இன்னொரு தடவை விழுங்கச் சொல்வாள். மாணவிகளை நான் எப்படி விடாமல் படுத்தினேனோ அப்படி என்னைப் படுத்தினாள். இடது பக்கம் பலவீனம் என்பதால் தலையை இடது தோளைப் பார்த்துத் திருப்பி விழுங்கச் சொன்னாள். அப்படித் திருப்பினால் கெட்டுப்போன பக்கத்து வழி மூடிக்கொள்ளுமாம், கவளம் நல்ல பக்கமாகப் போகுமாம். தண்ணீர்தான் சுலபம் என்று நாம் நினைக்கிறோம். இல்லை, அதுதான் கடைசிப் பாடம். அது நிற்காமல் ஓடுகிறது, தொண்டைக்கு அவகாசம் கொடுப்பதில்லை. கெட்டியான கூழ்தான் நிதானமாகப் போகிறது.

அதனால் நீ கூவைக்கிழங்கு மாவு வாங்கிவந்து காய்ச்சினாய். முதல் நாள் கட்டி தட்டிப்போயிற்று, இரண்டாம் நாள் அடிப்பிடித்தது. மூன்றாவதாகக் காய்ச்சியது பளபளவென்று, ஸ்பூனைக் கவிழ்த்தால் யோசித்து விழுகிற பதத்தில் வந்தது. மழை பெய்துகொண்டிருந்த ஒரு முற்பகல். ஸ்மிதா ஸ்டெதாஸ்கோப்பை என் கழுத்தில் வைத்தாள். நீ ஸ்பூனை நீட்டினாய். நான் இடது பக்கம் திரும்பி, கண்ணை மூடிக்கொண்டு, நாக்கால் தள்ளினேன். முடிச்சு ஏறியது. ஏதோ திறந்தது. இளஞ்சூடாக ஒன்று நெஞ்சுக்குள் கீழே கீழே இறங்குவது எனக்குத் தெரிந்தது.

"பேசுங்கோ டீச்சர், என்னமாவது பேசுங்கோ," என்றாள் ஸ்மிதா. குரல் ஈரமாக வந்தால் கூழ் வழி தவறியிருக்கிறது என்று அர்த்தம். என்ன பேசுவது என்று தெரியவில்லை.

"சக்கரை போடலியாடா?" என்றேன். குரல் தெளிவாக வந்தது.

ஸ்மிதா தன் காதிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி உன் காதில் மாட்டினாள். "கேளு. அம்மா இறக்கற சத்தம்." அடுத்த ஸ்பூனை அப்பா கொடுத்தார். நீ தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தாய். என்ன கேட்டது என்று அப்புறம் கேட்டேன். "டொக்குனு ஒரு கதவு தெறக்கறாப்பல இருந்ததும்மா," என்றாய்.

அங்கிருந்து மசித்த நேந்திரம்பழம், குழைந்த சாதம், இட்லி என்று படிப்படியாக ஏறி, திரும்பவும் அந்த எக்ஸ்ரே திரைக்கு முன்னால் உட்கார்ந்தோம். வெள்ளைத் தண்ணீர் பின்குழாயில் ஒரு பிசகும் இல்லாமல் இறங்கியது. வயிற்றுக் குழாயை எடுத்துவிட்டார்கள். துளையைத் தைக்க வேண்டாமா என்று கேட்டேன். வேண்டாம், அதுவே மூடிக்கொள்ளும் என்றார் டாக்டர். ஒரு துணியை வைத்து ஒட்டி அனுப்பினார்கள். பிரித்துப் பார்த்தபோது தொப்புளுக்கு மேலே இன்னொரு சின்னத் தொப்புள் மாதிரி மூடியிருந்தது. யாரும் சொல்லாமல், யாரும் கேட்காமல், இந்த உடம்பு எனக்காகச் செய்துகொண்டே இருக்கிற வேலைகளை நினைத்தால் யாரிடம் நன்றி சொல்வதென்று தெரியவில்லை. உன்னிடம் சொல்கிறேன். அப்பாவிடம் சொன்னேன், "போடி" என்று எழுந்து போய்விட்டார். ஸ்மிதாவிடம் சொன்னேன், "அதொக்கெ என்றெ ஜோலியல்லே டீச்சரே," தன் வேலைதானே அது என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, நாம் எல்லோரும் போக வேண்டும், நீ லீவு போட்டு வா.

உனக்கு நான் பெரிதாக அறிவுரை சொல்லப்போவதில்லை. நீ நின்றுகொண்டே சாப்பிடுகிறாய், அதை விடு. வாயில் வைத்துக்கொண்டு மீட்டிங்கில் பேசுகிறாய், அதையும் விடு. தொண்டைக்குள் மூச்சும் சோறும் ஒரே சந்திப்பில்தான் குறுக்கே போகின்றன. அவை மோதாமல் ஒரு வழிகாட்டி எந்நேரமும் நிற்கிறான். அவனுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடு. என்றாவது மனசு சரியில்லாத நாளில், வாழ்க்கையில் எதுவும் ஒழுங்காக நடக்கவில்லை என்று தோன்றினால், ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து நிதானமாகக் குடி. அது இறங்குவதைக் கவனி. அவ்வளவு போதும்.

நேற்று நீ போன பிறகு வீடு ரொம்ப நிசப்தமாக இருந்தது. நானும் அப்பாவும் ரசம் சாதம் போட்டுக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்து, நடுவில் புரையேறி, கண்ணில் நீர் வர இருமினார். உள்ளே என்ன நடந்தது என்று எனக்கு அணுவணுவாகத் தெரியும். பேசுவதற்காகக் குரல் நாண்கள் திறந்த நேரத்தில் ஒரு துளி ரசம் எட்டிப் பார்த்துவிட்டது, காவலாளி துரத்திவிட்டான். அவ்வளவுதான் சமாசாரம். ஆனால் என் கை தானாக எழுந்து அவர் உச்சந்தலையில் தட்டியது, வாய் சொல்லிற்று: "ரகு நினைக்கறான்."

அறிவியல் டீச்சர் சொன்னதை மறுக்காமல் அவரும் தலையாட்டினார். நிஜத்தைச் சொல், நினைத்தாயா?

அம்மா